மேய்ச்சல் போத்துக்குக் கூடுதல் தீவனம் கொடுத்தால் கறியில் என்ன மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தீவனக் கடை அப்பா காலத்தில் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போத்து வளர்க்கிறவர்கள். பொள்ளாச்சிச் சந்தையிலோ வாணியம்குளத்திலோ எருமைக்கடாக் கன்றாக வாங்கி, தென்னந்தோப்பிலும் ஏரிக்கரையிலும் மேயவிட்டு, ஈஸ்டருக்கோ பக்ரீதுக்கோ கறிக்கு விற்கிறார்கள். போத்து என்பதை மலையாளச் சொல் என்று பலரும் நினைக்கிறார்கள். பழந்தமிழிலும் ஆண் எருமைக்கு அந்தப் பெயர் உண்டு.

மூட்டையைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது அவர்கள் கேட்கிற கேள்விகள் வேலந்தாவளத்துக்காரர் கேட்டாலும் கோவிந்தாபுரத்துக்காரர் கேட்டாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் தீவனம் விற்கிறவள்தான். ஆனாலும் தேவையில்லாத இடத்தில் தேவையில்லை என்றே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, புல் மேய்கிற போத்துக்கு எதற்குத் தனியாகத் தீவனம்? எங்கள் தாத்தா காலத்தில் யார் கொடுத்தார்கள்?

மழைக்காலத்தில் இளம்புல் நிறைய இருந்தால் பெரிதாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தாது உப்பும் தண்ணீரும் போதும். சிக்கல் தை மாதத்துக்குப் பிறகு வருகிறது. பாலக்காட்டுக் கணவாயில் வீசுகிற வறண்ட காற்றில் நம் கிழக்குப் பக்கத்துப் புல் நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். இளம்புல்லில் புரதம் பத்து சதவீதம் வரை இருக்கும். காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் மூன்று, நான்கு சதவீதம்தான்.

மாடும் எருமையும் புல்லைத் தாமாகச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துக் கொடுக்கின்றன. தீவனத்தில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நார் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும், மாடு தின்பதும் குறைந்துவிடும். வயிறு முட்டியிருக்கிறதே என்று நாம் பார்ப்போம், உள்ளே அது இளைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு கிலோ புண்ணாக்கு கொடுத்தால், அந்தப் புண்ணாக்கின் சத்தோடு, அது தின்கிற காய்ந்த புல்லின் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. கூடுதல் தீவனத்தின் முதல் வேலை இதுதான்.

தாத்தா காலத்தில் கடாவை ஏருக்கும் வண்டிக்கும் வளர்த்தார்கள். கறி மென்மையாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தீவனம் போட்டால் கறி ருசியாகுமா, இல்லை எடை மட்டும்தான் கூடுமா?

எடைதான் முதலில். ஆனால் அந்த எடை எத்தனை மாதத்தில் ஏறுகிறது என்பதில்தான் கறியின் மென்மை இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நூறு கிலோ கன்றை முந்நூறு கிலோ ஆக்க வேண்டும். வெறும் மேய்ச்சலில் ஆண்டு முழுவதும் சராசரியாக நாளுக்கு 300 கிராம் ஏறினால் அதற்கு இருபத்திரண்டு மாதம் ஆகும். மேய்ச்சலோடு தீவனமும் சேர்ந்து 550 கிராம் ஏறினால் ஒரே வருடம். அதாவது ஒரே எடையுள்ள இரண்டு போத்துகள், ஒன்று மற்றதைவிடப் பத்து மாதம் இளையது.

தசைகளைக் கட்டி வைத்திருக்கிற சவ்வுநாருக்குள் வயது ஏற ஏறக் குறுக்குப் பிணைப்புகள் இறுகிக்கொண்டே போகும். இளம் கடாவின் நார் வேகும்போது கரைந்து பசையாகிவிடும். முதிர்ந்ததில் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் கரையாது. வேகமாக வளர்கிற மாட்டில் புது நார் உருவாகிக்கொண்டே இருப்பதால் கரையும் பங்கு இன்னும் சற்றுக் கூடும். ஆகவே தீவனம் மென்மையை நேராகக் கொடுப்பதில்லை. சிறு வயதிலேயே எடைக்குக் கொண்டுவந்து அதன் வழியாகக் கொடுக்கிறது. எட்டு வயது எருமைக்குக் கடைசி மாதத்தில் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் அது நடக்காது.

எதை, எவ்வளவு கொடுப்பது? நேராகச் சொல்லுங்கள்.

மேய்கிற போத்துக்கு அதன் உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் அடர்தீவனம். இருநூறு கிலோ போத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ. அதைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுங்கள். நானே கலந்து என் கடாக்களுக்குப் போடுவது இது: நூறு கிலோவுக்கு மக்காச்சோளக் குருணை 35, தேங்காய்ப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. இதில் புரதம் ஏறத்தாழ 14 சதவீதம் வரும். விற்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்கு இது போதும். வளரும் கன்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், மக்காச்சோளத்தில் பத்து கிலோவைக் குறைத்துக் கடலைப் புண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

புண்ணாக்கை வாங்கும்போது மோந்து பாருங்கள். செக்கில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் ஆடி மழையில் சீக்கிரம் காறிப்போகும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்ட மாடு எதைத் தின்றும் தேறாது. பச்சை மரவள்ளித் தோலும் இலையும் வேறு வகை ஆபத்து, அதில் சயனைடு இருக்கிறது. நறுக்கி நன்றாகக் காயவைத்த பிறகு கொடுக்கலாம்.

மூன்று நான்கு கிலோ போட்டால் இன்னும் சீக்கிரம் தேறாதா?

தேறாது. இரண்டு காரணங்கள். தொட்டியில் நிறையக் கிடைத்தால் போத்து மேயாமல் தொட்டிப் பக்கத்திலேயே நிற்கும். இலவசமாகக் கிடைக்கிற புல்லை விட்டுவிட்டுக் கிலோவுக்குக் காசு கொடுத்த தீவனத்தைத் தின்கிறது. லாபம் அங்கேயே போய்விட்டது.

இரண்டாவது காரணம் உயிரையே வாங்கக்கூடியது. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் முதல் வயிறு புளித்துவிடும். நார் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்து, மாடு தின்பதை நிறுத்தி, கழிச்சல் கண்டு படுத்துவிடும். பிழைத்தாலும் ஈரலில் சீழ்க்கட்டி வரலாம். கொல்லம் மாவட்டத்தில் 2024 ஜூனில் பரோட்டாவையும் பலாப்பழத்தையும் அதிகமாகத் தின்ற பசுக்கள் ஐந்து செத்தது எல்லோருக்கும் தெரியும். ஓட்டல் மிச்சத்தைக் கொட்டுகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் புதுத் தீவனத்தையும் கால் கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

கோடையில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிற போத்தை மலிவாக வாங்கித் தேற்றினால் கறி நன்றாக இருக்குமா?

வயது குறைவாக இருந்தால் நன்றாகவே இருக்கும். பசியில் வளர்ச்சி நின்றுபோன இளம் மாட்டுக்குத் தீனி கிடைத்ததும், இழந்ததை ஈடுகட்டுகிற மாதிரி வழக்கத்தைவிட வேகமாக வளரும். அந்த வளர்ச்சியில் முதலில் சதைதான் ஏறும், கொழுப்பு பிறகு. நான் பெரும்பாலும் சித்திரையில் வாங்குவது இதற்காகத்தான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் புல் துளிர்க்கும்போது குடற்புழு மருந்து கொடுத்து, தீவனத்தை அளவோடு சேர்த்தால், ஆவணிக்குள் அதே கடாவை அடையாளம் தெரியாது.

ஆனால் பல்லைப் பார்த்து வாங்குங்கள். இளைத்த கடாவும் கிழட்டுக் கடாவும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். கிழடைத் தேற்றினால் கொழுப்பு ஏறும், நார் மாறாது.

ஜப்பான் மாட்டுக்கறியில் கொழுப்பு வரிவரியாக ஓடுகிறதே, அப்படி வர என்ன கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கைப்பேசியில் வீடியோவைக் காட்டித்தான் கேட்கிறார்கள். அது தீவனத்தால் மட்டும் வருவதில்லை. அந்த இனத்தின் பிறவிக் குணம் அது, அதோடு பல மாதங்கள் தானியம் ஊட்டுகிறார்கள். உடலில் கொழுப்பு சேர்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றி, அடுத்து தசைகளுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும், கடைசியில்தான் தசைக்கு உள்ளே. நம் போத்தும் நாட்டு மாடும் அந்தக் கடைசிப் படிக்கு எளிதில் வராது. எருமைக்கறி இயல்பாகவே கொழுப்புக் குறைந்த கறி.

மூன்று மாதம் மக்காச்சோளத்தைக் கூட்டினால் கிடைப்பது வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டிதான். கறிக்கடைக்காரர் அதை வெட்டித் தள்ளிவிடுவார். நமக்கு வேண்டியது முதுகின் மேல் மெல்லியதாக ஒரு கொழுப்புப் படலம். கறி உலராமல் அது காக்கும். அதற்கு மேலே சொன்ன அளவே போதுமானது.

புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது. கெட்டுப்போனதா, கிழட்டு மாடா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். பச்சைப் புல்லில் கேரட்டில் இருக்கிற அதே பீட்டா கரோட்டின் இருக்கிறது. பசுவும் காளையும் அதில் ஒரு பங்கை அப்படியே கொழுப்பில் சேமித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக மேய்ந்த மாட்டில் நிறம் கூடியிருக்கும், வயதோடு சேர்த்துப் பேசுவது அதனால்தான். வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் கொடுத்து மூன்று மாதம் கட்டி வைத்தால் நிறம் வெளுக்கும். கறியின் தரத்துக்கும் அந்த மஞ்சளுக்கும் தொடர்பில்லை.

எருமை அந்தக் கரோட்டினை முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். எருமைப்பால் வெளுப்பாக இருப்பதும் போத்தின் கொழுப்பு எவ்வளவு புல் மேய்ந்தாலும் வெள்ளையாகவே இருப்பதும் அதனால்தான். ஆகவே போத்துக்கறி என்று வாங்கியதில் மஞ்சள் கொழுப்பு இருந்தால் அது போத்துதானா என்று கேளுங்கள். கொழுப்போடு சவ்வும் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் மட்டும் அது காமாலை. உண்ணிச்செடி தின்ற மாடுகளுக்கு ஈரல் கெட்டு அப்படி வரும். அந்தக் கறி வேண்டாம்.

வைக்கோலில் யூரியா தெளிக்கச் சொல்கிறீர்கள். அந்த யூரியா கறியில் வராதா? பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம், ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கிறோம். யூரியா அம்மோனியாவாகி வைக்கோலின் நாரை நெகிழ்த்துகிறது. மிச்ச அம்மோனியாவை முதல் கேள்வியில் சொன்ன நுண்ணுயிர்கள் பிடித்துத் தங்கள் உடம்பின் புரதமாக மாற்றிக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிர்கள் பிறகு குடலில் செரிக்கின்றன, அதுதான் மாட்டுக்குச் சதையாகிறது. தேவைக்கு மேல் இருப்பதை ஈரல் மறுபடியும் யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். யூரியாவே தின்னாத மாட்டின் இரத்தத்திலும் யூரியா உண்டு, நம் இரத்தத்திலும் உண்டு. கறியில் தேங்குவதில்லை.

ஆபத்து மாட்டுக்குத்தான். யூரியா கரைத்த தண்ணீர் வாளியை மறந்து வைத்துவிட்டு, போத்து அதைக் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, நடுங்கி, செத்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு யூரியா வைக்கோலே வேண்டாம். தவறி நடந்துவிட்டால் வினிகரைத் தண்ணீரில் கலந்து புகட்டிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

தின்கிற தீவனத்தின் மணம் கறியில் ஏறுமா?

சிலவற்றில் ஏறும். மீன்தூளைக் கூடுதலாகப் போட்டால் கறியில் வாடை வரும். பார்த்தீனியம் மேய்ந்த ஆட்டிறைச்சியில் கெட்ட வாடை இருப்பதை ஆஸ்திரேலியாவில் பதிவு செய்திருக்கிறார்கள், நம் வரப்பெல்லாம் அந்தச் செடிதான். விற்பதற்கு முன் சில வாரமாவது நல்ல மேய்ச்சலில் வைத்திருங்கள். தேங்காய்ப் புண்ணாக்கால் தேங்காய் மணம் வராது.

மேய்ந்த மாட்டின் கறியில் இயல்பாகவே ஒரு கனத்த மணம் உண்டு. தானியம் கூடக் கூட அது குறையும். நம் ஊரில் மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டு வரட்டும்போது இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள் மிகக் குறைவு. எனக்குத் தனிப்பட்ட முறையில் மேய்ந்த கறியின் மணம்தான் பிடிக்கும்.

அசோலா வளர்த்தால் புண்ணாக்கே வேண்டாமாமே?

அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளர்கிற சின்னப் பெரணி. அதன் உலர்ந்த பொருளில் புரதம் இருபது சதவீதத்துக்கு மேல் இருப்பது உண்மை. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். இரண்டு கிலோ அள்ளிப் போட்டால் உலர்ந்த பொருள் 100 முதல் 140 கிராம், அதில் புரதம் முப்பது கிராம் அளவுக்குத்தான். கால் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கில் அதைவிட அதிகம் இருக்கிறது. தொட்டியும் நிழலும் ஆளும் இருந்தால் வளருங்கள், கோடையில் பச்சை கிடைப்பது நல்லதுதான். புண்ணாக்கை நிறுத்திவிடாதீர்கள். வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் வைப்பது இதைவிடக் குறைந்த வேலை.

புல் மேய்ந்த கறியில் ஒமேகா மூன்று நிறைய இருக்கிறதாம். தீவனம் போட்டால் அது போய்விடுமா?

குறையும். இளம்புல்லில் ஒமேகா மூன்று வகைக் கொழுப்பு இருக்கிறது, மக்காச்சோளத்தில் இருப்பது பெரும்பாலும் ஒமேகா ஆறு. தானியம் கூடும்போது கறியிலும் அந்த விகிதம் மாறும். ஆளிவிதை கொடுத்தால் கொஞ்சம் மீட்கலாம் என்றாலும், முதல் வயிற்று நுண்ணுயிர்கள் எந்த எண்ணெயையும் பெரும்பகுதி கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிட்டுத்தான் மேலே அனுப்பும். எண்ணெயை அள்ளி ஊற்றவும் முடியாது. மொத்தத் தீனியில் ஆறு சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது கெடும்.

ஒமேகாவுக்காகக் கறி வாங்குகிறவரிடம் நான் சொல்வது, மத்தி மீன் வாங்குங்கள் என்று. மேய்ந்த கறியில் இருப்பது மத்தியில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாத சிறு அளவு.

என் போத்துக்கறி கடையில் மற்றதைவிடச் சீக்கிரம் நிறம் மங்குகிறது என்கிறார்கள். வைட்டமின் கொடுக்க வேண்டுமா?

கறியின் சிவப்பு நிறமி காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். அதைத் தள்ளிப்போடுவது தசையில் சேர்ந்திருக்கிற வைட்டமின் ஈ. பச்சைப் புல்லில் அது தாராளமாக இருக்கிறது, வைக்கோலில் அநேகமாக இல்லை. அதனால் மழைக்காலம் முடிந்து விற்கிற போத்துக்கு எதுவும் தேவையில்லை. மாதக்கணக்கில் வைக்கோலிலேயே நின்றதற்குத்தான் பயன். வெளிநாடுகளில் நாளுக்கு 500 அலகு வீதம் மூன்று மாதம்போலத் தீவனத்தில் சேர்க்கிறார்கள், அங்கே கறி பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும். விடியற்காலை வெட்டி மதியத்துக்குள் விற்றுத் தீர்கிற நம் கடைகளுக்கு அந்தச் செலவு வீண். தினம் ஒரு கட்டு பசும்புல் கிடைக்க வழி செய்யுங்கள்.

மங்கவில்லை அக்கா, வெட்டியபோதே கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. தீவனத்தில் என்ன தவறு?

தவறு பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில் நடந்திருக்கும். எனக்கே நடந்தது. பதினான்கு மாதம் வளர்த்த கடாவை விற்றேன். வண்டி வரத் தாமதமானதால் ஒரு பகலும் இரவும் தீனியில்லாமல் வெயிலில் கட்டிக் கிடந்தது. ஏற்றும்போது மிரண்டு ஓடி, நான்கு பேர் விரட்டிப் பிடித்தார்கள். மறுநாள் கறி கறுத்து ஒட்டிக்கொண்டது என்று வாங்கியவர் பணத்தைக் குறைத்துக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை. அந்த மாட்டை நான் அப்படி நிற்க விட்டது இன்றும் உறுத்துகிறது.

தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். வெட்டிய பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, கறியின் கார அமில அளவை (pH) ஏழிலிருந்து ஐந்தரை அளவுக்கு இறக்கும். அந்தப் புளிப்புதான் பளிச்சென்ற நிறத்தையும், கெடாமல் இருக்கிற தன்மையையும் கொடுக்கிறது. பட்டினியும் மிரட்சியும் ஓட்டமும் அந்தச் சேமிப்பை உயிரோடு இருக்கும்போதே கரைத்துவிடும். அளவு ஆறுக்குக் கீழே இறங்காத கறி கறுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். மக்காச்சோளம் கொடுத்த போத்தில் சேமிப்பு அதிகம் இருக்கும் என்பதால் தீவனம் ஓரளவு காக்கும். ஆனால் ஒருமுறை கரைந்தால் திரும்பச் சேரப் பல நாள் ஆகும், முந்தின இரவு கொடுக்கிற ஒரு படி தீவனம் ஈடு செய்யாது. வண்டி வரும்வரை நிழல், தண்ணீர், வைக்கோல். கூடவே பழகிய இன்னொரு கடாவைப் பக்கத்தில் கட்டுங்கள். அடிக்காதீர்கள்.

சதை பிடிக்க ஊசி, டானிக் என்று விற்கிறார்களே, அது?

சீட்டில் பெயர் எழுதாத பொடியையும் ஊசியையும் வாங்காதீர்கள், நானும் விற்பதில்லை. நோய்க்கு மருத்துவர் எழுதிய மருந்துக்கும் கறிக்கு அனுப்பும் முன் காத்திருக்க வேண்டிய நாள்கள் குப்பியிலேயே எழுதியிருக்கும். குடற்புழு ஊசிகள் சிலவற்றுக்கு ஐந்து வாரம் வரை உண்டு. அந்த நாளைச் சுவர் நாள்காட்டியில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விலை பேச வேண்டும். வலி மருந்து டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் போடுவது 2006 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது போட்ட மாடு செத்துக் கிடந்து, பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. நமக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன.

இளம் போத்து, நல்ல தீவனம், அலுங்காமல் ஏற்றி அனுப்பினேன். ஆனாலும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறதென்று பக்கத்து வீட்டு அத்தை திட்டுகிறார். ஏன்?

அத்தை எப்போது சமைத்தார் என்று கேளுங்கள். காலை ஐந்து மணிக்கு வெட்டிய கறியைப் பத்து மணிக்கு அடுப்பில் வைத்திருப்பார். வெட்டிய சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும், அந்த விறைப்பு ஒரு நாள் போல நீடிக்கும். அந்த நேரத்தில் சமைத்தால் எந்தத் தீவனம் தின்ற போத்தும் ரப்பர்தான். விறைப்புக்குப் பிறகு தசையிலேயே இருக்கிற நொதிகள் இழைகளை மெல்ல அறுத்துவிடும். வெளிநாட்டில் ஒரு வாரம், இரண்டு வாரம் குளிரறையில் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

வாங்கியதும் கழுவாமல், மூடிய பாத்திரத்தில், குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் இரண்டு நாள் வைத்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். உறைய வைக்கிற மேல்தட்டில் உடனே போட வேண்டாம், விறைப்பு அடங்குவதற்குள் உறைந்த கறி இன்னும் கெட்டியாகும். இரண்டு கேள்விக்கு முன் சொன்ன கறுத்த கறியாக இருந்தால் மட்டும் வைக்காமல் அன்றே சமைத்துவிட வேண்டும், அது தாங்காது. அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வெள்ளிக்கிழமையே அத்தைக்குக் கறி கொடுத்து அனுப்புங்கள்.